மூன்று மணிக் கொட்டாவிகள்

என் வயதொத்தவர்களே, எழுதத் தொடங்கும் முன் எனக்கு நானே ஒரு நிபந்தனை விதித்துக்கொள்கிறேன். என் நினைவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் இங்கே சேர்க்க மாட்டேன். இன்னொருவர் நினைவிலும் அது இருக்க வேண்டும். நம்மைப் போன்றவர்களின் இளம்பருவ நினைவுகளில், ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சர்க்கரை சற்றுக் கூடிவிடுகிறது என்பதை நீங்களும் அறிவீர்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பதினோரு வயதில் நான் ஒரு வழக்கில் சாட்சியாக இருந்தேன். என் சாட்சியத்தில் பிழை நேர்ந்தது. இரண்டாம் முறையும் அது நேர வேண்டாம்.

ஆகவே எண்பதை நெருங்கும் என் அத்தையிடம் நேரில் கேட்டேன். அதே வழக்கில் இன்னொரு சாட்சியான, இப்போது புதுவாயலில் மகளோடு வசிக்கும் கண்ணாடி அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர்களில் ஒருவரேனும் உறுதிசெய்ததை எழுதுகிறேன். என் மனத்துக்குள் மட்டும் நடந்தவற்றுக்கு வேறு சாட்சி கிடையாது. அவற்றை என் பொறுப்பில் தருகிறேன்.

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வாழ்க்கை முழுவதும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாயிலைச் சுற்றியே இருந்தது. போல்ட்டும் நட்டும் செய்யும் இடம் அது. அப்பாவை நான் நைனா என்பேன்; அவருக்கு உலைப் பக்கம் வேலை. வாயிலுக்கு இடப்புறம், பூவரச மரத்தடியில், அத்தையின் தேநீர்க்கடை. வலப்புறம், தகரக் கூரையின் கீழ், பொன்னேரியிலிருந்து தினமும் காலை ரயிலில் வந்துபோகும் ஒருவரின் காப்பிக்கடை. அவரை நான் காப்பி மாமா என்பேன். அத்தை ‘அண்ணாத்தே’ என்பாள். அந்த ஒரு சொல்லைத் தவிர அவரிடம் அவள் காட்டிய மரியாதை வேறெதுவும் என் நினைவில் இல்லை.

“இன்னா அண்ணாத்தே, ரோடு போட ஆளுங்க வந்துகீறாங்கோ. தாரு பத்தலியாம். உன் டிக்காஷன் கொஞ்சம் கேட்டாங்கோ.”

“குடுக்கறேன் தங்கச்சி. உன் டீயத்தான் யாரும் கேக்க மாட்டாங்கோ. வெள்ள வேட்டி மேல ஊத்துனாக் கூட கறை ஆவாது.”

இது காலை வணக்கம். இதைக் கேட்ட பிறகுதான் முதல் ஷிப்டு உள்ளே போகும்.

அத்தையின் கடையில் இருந்த பொருள்களில் ஒன்றுகூட இன்று இல்லை. வயிற்றில் கரி கனன்றுகொண்டிருக்கும் செம்புப் பாய்லர், கழுத்து ஒடுங்கிய பித்தளைக் குவளை, நூற்றுக்கணக்கான முறை தேநீரில் ஊறி மண்நிறமாகிவிட்ட துணி வடிகட்டி. அந்த வடிகட்டியின் மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஈரச்சணலும் வெல்லமும் கலந்தாற்போன்ற மணம். மணத்துக்குச் சாட்சி தேட இயலாது. இதையும் என் பொறுப்பில் வைத்துக்கொள்கிறேன்.

அந்த வடிகட்டியால்தான் நான் சாட்சியானேன். காலையில் போட்ட தேயிலைத் தூளின் மேலேயே புதிதாக ஒரு கரண்டி போட்டு, மறுபடியும் வெந்நீர் ஊற்றி வடிப்பது கடைகளின் வழக்கம். ஒருநாள் லாரி ஓட்டுநர் ஒருவர் “புதுத்தூளா?” என்று கேட்டார். அத்தை வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: “இல்லண்ணா. காலைல போட்டது. மேல மட்டும் ஒரு ஸ்பூன் புதுசு.” ஓட்டுநர் சாலையைக் கடந்து காப்பி மாமாவிடம் போனார். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாடி நீ? உன்ன உங்கம்மா பெத்தாளா, கோர்ட்லேர்ந்து எட்தாந்தாளா?”

எதிர்ப்புறம் காப்பி மாமா சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த பால் தளும்பியது.

விடுமுறையின் நடுவில் அறிவிப்பு வந்தது. வாயிலின் இருபுறமும் மதில் எழுப்பப் போகிறார்கள், கடைகள் இரண்டும் அகல வேண்டும். உள்ளே ஒரு கொட்டகை உண்டு, ஆனால் அதில் ஒரு கடைக்குத்தான் இடம். அத்தை அன்று பகல் முழுவதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கடை போடுவதற்கு முன் அவள் பொன்னேரிப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவள். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போய், பாய்லருக்குப் பின்னால் நிமிர்ந்து நின்ற பிறகுதான் தன் உயரம் இன்னதென்று தெரிந்துகொண்டதாகச் சொல்வாள். கடை போனால் மறுபடியும் சேற்றில் இறங்க வேண்டும். காப்பி மாமாவுக்கும் வேறு தொழில் தெரியாது.

தொழிலாளர் இரண்டாகப் பிரிந்தார்கள். உலைப் பக்கம் தேநீருக்கு, அலுவலகம் காப்பிக்கு. சத்தம் பொறுக்காமல் மேலாளர் வெளியே வந்தார். அவர் காப்பித் தோட்டங்கள் உள்ள மலையூரில் பிறந்தவர். வீட்டுக் காப்பியைக் குடுவையில் கொண்டுவந்து குடிப்பார். இரண்டு கடைகளிலும் ஒரு வாய்கூட அருந்தியதில்லை.

“சத்தம் போட்டு முடிவு பண்ண முடியாது. மூணு மணியானா பிரிக்கிற கூடத்துல எல்லாரும் தூங்கி வழியறாங்க. ஒரு வாரம் டீ மட்டும். அடுத்த வாரம் காப்பி மட்டும். எந்த வாரம் கொட்டாவி குறைவோ, அந்தக் கடை உள்ள வரட்டும்.”

“யாரு சார் எண்றது?” என்றார் ஒருவர். “சூப்பர்வைசர் டீக் கட்சி. கிளார்க் காப்பிக் கட்சி.”

அப்போது காப்பி மாமா என்னைச் சுட்டிக் காட்டினார். “இந்தப் பாப்பா எண்ணட்டும்.”

“அது அந்தம்மா ஊட்டுப் பொண்ணாச்சே?” என்றார் கிளார்க்.

“இருக்கட்டும் சார். சொந்த அத்த வியாபாரத்தையே கவுத்த பொண்ணு இது. இதுக்கு மேல எனக்கு இன்னா கேரண்டி வேணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். என் வாழ்நாளில் நான் பெற்ற முதல் பதவி அது.

பிரிக்கும் கூடம் என்பது நீண்ட மேசைகளின் இருபுறமும் பெண்கள் அமர்ந்து, மரை தேய்ந்த போல்ட்டுகளைப் பொறுக்கி ஒதுக்கும் இடம். அதன் கம்பிவலைச் சன்னல் சாலையைப் பார்த்திருந்தது. சன்னலோரம் கண்ணாடி அக்கா. அந்தக் கூடத்தில் மூக்குக்கண்ணாடி அணிந்தவள் அவள் ஒருத்திதான். இரண்டரை மணிக்குக் குவளைகள் உள்ளே போகும். மூன்றிலிருந்து நான்குவரை நான் சன்னலுக்கு வெளியே முக்காலியில் அமர்ந்து, நாற்பது பக்க நோட்டில் கொட்டாவிக்கு ஒரு கோடு இழுப்பேன். விதிகளை நானே வகுத்தேன். வாய் திறந்து, கண் மூடினால் முழுக் கோடு. வாய் மூடியபடி மூக்கு மட்டும் விடைத்தால் அரைக் கோடு. கையால் மறைத்தாலும் விலக்கில்லை.

முதல் வாரம் தேநீர். அத்தை ஒரு முறைகூடப் பழைய தூளின் மேல் ஊற்றவில்லை. ஒவ்வொரு வடிப்புக்கும் புதுத்தூள் போட்டாள். பாய்லரைப் புளியிட்டுத் துலக்கியதில் அதில் என் முகம் அகலமாகத் தெரிந்தது. வார முடிவில் என் கோடுகள் ஒரு பக்கத்தை நிரப்பவில்லை. அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, “இனிமே சேத்துல கால வெக்க மாட்டேன்டி, பாரு” என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டு வயதிலிருந்தே நான் தேநீர் குடிப்பவள். காலையில் அரைக் குவளை, பிற்பகல் அரைக் குவளை. “டீ குட்சா கறுத்துப் பூடுவ” என்று அம்மா தடுப்பாள். “இப்ப மட்டும் இன்னா, சிவப்பா கீறாளா?” என்று அத்தை ஊற்றுவாள். சாட்சியான பிறகு எனக்கு ஓர் அறம் தோன்றியது. தேநீர் வாரத்தில் தேநீர் குடித்தேன் அல்லவா? காப்பி வாரத்தில் காப்பிதான் குடிக்க வேண்டும். அத்தையின் குவளையைத் தொடக்கூடாது. நடுநிலை என்றால் அதுதான் என்று உறுதியாக நம்பினேன்.

காப்பி மாமாவின் காப்பி அழகானது. மை போன்ற டிக்காஷன், அதன் மேல் சுருள்சுருளாகப் பால், நாக்கில் ஒட்டும் அடர்த்தி. திங்கட்கிழமை அதை ரசித்துக் குடித்தேன். செவ்வாய் பிற்பகல் தலை கனத்தது. புதன்கிழமை கூடத்தில் பாதிப் பேர் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உலை வெப்பம் என்று நைனா சொன்னார். அம்மா எனக்குக் கண்ணேறு என்று தீர்மானித்து, சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி அடிக்காததால் கண்ணேறு பெரிது என்று முடிவாயிற்று. உண்மையில் மிளகாய் நமத்திருந்தது.

கோடுகள் பக்கம் பக்கமாக ஓடின. அந்தக் கூடம் இவ்வளவு பெரிய வாய்களை உடையது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அடைத்துக் கிடந்த தன் கடையருகிலிருந்து அத்தை, நான் தாள் புரட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

“இன்னா அண்ணாத்தே, தாலாட்டும் சேத்துப் பாடறியா?”

காப்பி மாமா வாடிய முகத்தோடு டிக்காஷனை இன்னும் அடர்த்தியாக இறக்கினார்.

வியாழக்கிழமைதான் அது நடந்தது. நான் வாய் பிளந்து நீண்டதொரு கொட்டாவி விட்டேன். கண் திறந்தபோது, கம்பிவலைக்கு அப்பால் கண்ணாடி அக்காவின் வாய் திறந்துகொண்டிருந்தது. அவளுக்கு அடுத்தவள். அதற்கு அடுத்தவள். நாற்றுவயலில் காற்று நகர்வதுபோல் அது மேசை நெடுக நகர்ந்து உட்சுவர்வரை போய் நின்றது. நான் அவசரமாகக் கோடுகள் இழுத்தேன்.

“ஏ பாப்பா!” என்று கத்தினாள் கண்ணாடி அக்கா. “நீ மொதல்ல வாய மூடு! நீ தொறந்தா எங்க லைனே தொறக்குது!”

கூடம் சிரித்தது. சிரித்து முடித்ததும் மறுபடியும் கொட்டாவி விட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, விதைத்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த நொடியில் புரிந்துவிட்டது. அந்த வாரம் முழுவதும் நானும் விட்டபடியே இருந்தேன். அவற்றில் எத்தனை என்னிடமிருந்து உள்ளே போயின? சொன்னால் அத்தையின் வெற்றி கெடும். சொல்லாவிட்டால் அது பொய். வெள்ளிக்கிழமை முழுவதும் உதடுகளைப் பல்லால் கவ்விக்கொண்டு எண்ணினேன். தாடை வலித்தது.

சனிக்கிழமை நண்பகல். மேலாளர் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கம் தேநீர். ஒன்பது பக்கம் காப்பி. சுற்றி நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். நைனா அத்தையைப் பார்த்துத் தலையசைத்தார். காப்பி மாமா தன் குவளைகளை ஒவ்வொன்றாகக் கூடையில் அடுக்கத் தொடங்கினார்.

“சார், அது தப்பு” என்றேன்.

அத்தை கண்களை மூடிக்கொண்டாள். “தோ, கோர்ட்டு ஆரம்பிச்சிடுச்சு” என்றாள் மெல்ல.

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி அக்காவைச் சாட்சிக்கு அழைத்தார்கள். “ஆமா சார், இது தொறந்தா எங்களுக்கும் வருது. இப்ப சொல்லச்சொல்லவே வருது பாருங்கோ” என்று அங்கேயே ஒன்றை விட்டாள். மேலாளரும் விட்டார். அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

“அது சரி, உனக்கு ஏன் இவ்வளவு கொட்டாவி? என்ன குடிச்சே?”

“போன வாரம் டீ சார். இந்த வாரம் இவரு காப்பி.”

“காப்பி குடிச்சுமா?”

அவர் முகம் மாறியது. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரும், மாமாவின் தூள் பொட்டலத்தையும் கொண்டுவரச் சொன்னார். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரின் மேல் தூவினார். “காப்பித்தூள்னா மிதக்கும்” என்றார். நாங்கள் குனிந்து பார்த்தோம். ஒரு துகள்கூட மிதக்கவில்லை. எல்லாம் பழுப்புக் கோடுகள் இழுத்தபடி நிதானமாக அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டன.

“சிக்கரி” என்றார் மேலாளர். “இது வெறும் சிக்கரி. வறுத்த கிழங்கு. இதைக் குடிச்சா யாருக்குய்யா தூக்கம் போகும்?”

காப்பி மாமா தரையில் அமர்ந்துவிட்டார்.

“நான்தான் சார் கேட்டேன். இந்தப் பக்கத்து ஜனங்க கறுப்பா இருந்தாத்தான் காப்பின்னு ஒத்துக்கறாங்கோ. பொன்னேரியில அரைக்கிறவன்கிட்ட மாசாமாசம் ‘இன்னும் கொஞ்சம் கறுப்பா, இன்னும் கொஞ்சம் திக்கா’ன்னு சொல்லிக்கினே இருந்தேன். அவன் சிக்கரிய ஏத்திக்கினே வந்துகீறான். காப்பிய எந்த மாசம் எறக்கி வுட்டான்னு எனக்குத் தெரியாது சார்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஏமாற்றவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கறுப்புதான் வலிமை என்று அவரும் நம்பினார், குடித்தவர்களும் நம்பினார்கள். அத்தனை பேரும் சேர்ந்து, மாதத்துக்குக் கொஞ்சமாக, காப்பியைக் காப்பியிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள்.

அப்போது அத்தை முன்னால் வந்தாள்.

“சார், மறுபடி வெய்யுங்க போட்டிய.”

“ஏம்மா? இப்ப நீதானே ஜெயிச்சே?”

“காப்பிய ஜெயிச்சாத்தான் சார் ஜெயிச்சது. சிக்கரிய ஜெயிச்சி இன்னா பெரும? நாளைக்கி இந்தாளு என்னப் பாத்து சிரிப்பாரு.” பிறகு காப்பி மாமாவை நோக்கி, “எழுந்திரு அண்ணாத்தே. போய் நல்ல தூளா வாங்கியா. தோத்தா ஒழுங்கா தோக்கணும்” என்றாள்.

மூன்றாம் வாரம் மெய்யான காப்பி வந்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கண்ணாடி அக்கா இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். நிறம் வெளுப்பு, அடர்த்தி இல்லை. “இன்னா இது, கழனித்தண்ணி?” என்று உலைப் பக்கத்தார் பாதியைக் கீழே ஊற்றினார்கள். மீதிப் பாதி போதுமானதாக இருந்தது. மூன்று மணிக்கு ஒருத்தி பாடத் தொடங்கினாள். இன்னொருத்தி இரண்டு தட்டு அதிகமாகப் பிரித்துவிட்டு, வேறு தட்டு கேட்டாள். எப்போதும் வாய் திறக்காத நைனா வீடு திரும்பும் வழியெங்கும் உலையின் அமைப்பை எனக்கு விளக்கியபடியே நடந்தார். எனக்கு அந்த வாரம் தண்ணீர் மட்டும். மேலாளரின் ஆணைப்படி வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணினேன். ஒரு பக்கம்கூட நிறையவில்லை. தேநீரும் காப்பியும் ஏறத்தாழச் சமம்.

மேலாளர் கொட்டகையின் நடுவே ஒரு பலகையை நட்டு இரண்டாக்கினார். காலையில் தேநீர், பிற்பகல் காப்பி. வசவுகள் மட்டும் நாள் முழுவதும். என் கையில் ஒரு சாக்லேட்டைத் தந்து, “டீ, காப்பி, இது, மூணும் பங்காளிங்க. நீ எந்தப் பக்கமும் சாயாதவ, உனக்கு மூணாவது பங்காளி” என்றார். அதன் வெள்ளித்தாளை அறிவியல் புத்தகத்தில் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். புத்தகத்தோடு அதுவும் போயிற்று. கொட்டாவி நோட்டோ அந்த ஆண்டே தாள்தாளாகப் பிரிந்து, அத்தையின் கடையில் மசால்வடை மடிக்கப் பயன்பட்டது.

பிற்காலத்தில் உணவுப்பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். மேலாளர் சொன்ன உறவு சரிதான் என்று அங்கே அறிந்தேன். தேயிலையிலும் காப்பியிலும் இருப்பது காஃபீன். கோகோவில் பெரும்பங்கு இருப்பது அதன் சாதுவான பங்காளி, தியோபுரோமின். சிக்கரியில் இரண்டும் இல்லை. நம் உடல் களைப்பைத் தெரிவிக்க ஒரு பொருளை மூளைக்கு அனுப்புகிறது. அது வந்து அமர அங்கே இருக்கைகள் உண்டு. காஃபீன் முந்தி ஓடிப்போய், பொன்னேரிப் பேருந்தில் சன்னல் வழியே துண்டு போடுவதுபோல், அவ்விடங்களைப் பிடித்துக்கொள்கிறது. களைப்பு நின்றபடியே பயணம் செய்கிறது. தினமும் இப்படி நடந்தால், உடல் இருக்கைகளைக் கூட்டுகிறது. திடீரென ஒருநாள் துண்டு போட ஆள் வராவிட்டால், கூட்டிய இருக்கைகள் அனைத்திலும் களைப்பு உட்கார்ந்துவிடும். தலைவலி, சோர்வு, கொட்டாவி.

அதாவது, நடுநிலைக்காக நான் தேநீரை விட்டதே என் சாட்சியத்தைக் கெடுத்தது. கூடத்துப் பெண்களுக்கும் அதே கதிதான். கண்ணேறும் இல்லை, உலை வெப்பமும் இல்லை. இதை விளக்கியபோது அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ உங்கம்மா சுத்திப் போட்ட மொளகா வேஸ்ட்டா?” என்றாள்.

தெரியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாமாவின் தூளில் காப்பி ஒரு துளியேனும் இருந்ததா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அந்த ஒன்பது பக்கங்களில் சிக்கரியின் பங்கு எவ்வளவு, தேநீர் நின்றதன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்பதும் தெரியாது. கண்ணாடி அக்கா அந்தக் கோடையில் அத்தையின் வடைக்கு அடிமை. அவளும் தோழிகளும் அத்தைக்காகச் சில கொட்டாவிகளை வேண்டுமென்றே விட்டார்களா என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டேன். அவள் நெடுநேரம் சிரித்தாள். “போடி, கோர்ட்டு” என்றாள்.

அப்போது மணி மூன்றைக் கடந்திருந்தது. பேச்சின் நடுவே அந்த முனையில் ஒரு கொட்டாவி கேட்டது. இந்த முனையில் நானும் விட்டுக்கொண்டிருந்தேன். முதலில் விட்டது யார் என்று தெரியவில்லை.